மாமனுக்கு ஆகாதாமே!

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எத்தனை இடத்தில் 'நார்மல்' என்று போட்டிருக்கிறது என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். தலை நார்மல். முதுகெலும்பு நார்மல். இதயத்தின் நான்கு அறைகளும் நார்மல். வயிறு, சிறுநீரகம், கை, கால் எல்லாமே நார்மல். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வரியில் மட்டும் அந்த வார்த்தையைக் காணோம். அங்கே, 'சிங்கிள் அம்பிலிகல் ஆர்ட்டரி' என்று இருந்தது.

2018-ஆம் வருஷம் ஜூலை மாதம். எனக்கு இருபதாவது வாரம். தலைப்பிரசவம். ஸ்கேன் எடுக்கத் தாம்பரம் போயிருந்தோம். அதுவரை, "இதோ பாருங்க கை, இதோ பாருங்க பாதம்" என்று கலகலப்பாகக் காட்டிக்கொண்டு வந்த ஸ்கேன் டாக்டர், ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். வயிற்றின் ஒரே இடத்தில் அந்தக் கருவியை முன்னும் பின்னுமாக நகர்த்தினார். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடியது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"தொப்புள் கொடியில ஒரு ரத்தக் குழாய் கம்மியா இருக்கு. உங்க டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது.

கம்மி என்றால் என்ன? அதனால் என்ன ஆகும்? கேட்க வாய் வரவில்லை. அது சனிக்கிழமை. எங்கள் டாக்டரம்மா திங்கட்கிழமைதான் உட்காருவார்கள். வண்டலூர் ரோட்டில் திரும்பி வரும்போது மாம்பாக்கம் தாண்டும்வரை என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுப்பாக்கத்தில் ஆஞ்சநேயர் மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாதாரணமாக அதெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவர். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த இரண்டு ராத்திரிகளை நான் மறக்க மாட்டேன். நடு ராத்திரியில் புரண்டு படுத்தால், அவர் போர்வைக்குள்ளே கைப்பேசி வெளிச்சம். என்ன படிக்கிறீர்கள் என்றால், "ஒண்ணுமில்லே, ஆபீஸ் விஷயம்" என்று சட்டென்று அணைத்துவிடுவார். அவர் தூங்கியபின் நானும் அதையேதான் தேடினேன். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, குரோமோசோம் என்று வாயில் நுழையாத வார்த்தைகளெல்லாம் வந்தன. பாதி புரிந்த ஒரு வார்த்தை முழுதாகப் புரிந்த கெட்ட செய்தியைவிட மோசமானது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் படிக்கும்போது குழந்தைக்கு இதயம் இல்லை, அடுத்த பக்கத்தில் சிறுநீரகம் இல்லை. விடியற்காலையில் கோவளம் ரோட்டுப் பக்கம் உப்பளத்துக்கு ஆள் போகிற சைக்கிள் மணி கேட்கும்வரை விழித்துக்கொண்டு கிடந்தேன்.

என் மாமியாருக்கு விஷயத்தைச் சொன்னபோது, "கொடியில குழாயா? நாங்க ஆறு பெத்தோம், எவ எண்ணிப் பாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது கோபம் வந்தது. பின்னால் யோசித்தபோது அது எத்தனை சரியான கேள்வி என்று பட்டது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை ஒலி அலைகளால் பார்க்கலாம் என்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு தம் குழுவோடு எழுதியதே 1958-இல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1955-இல், பெனிர்ஷ்கே, பிரவுன் என்ற இரண்டு பேர் இந்த ஒற்றைத் தமனிக் கொடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகே டாக்டர்கள் இதில் அக்கறை காட்டத் தொடங்கினார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் பிரசவத்துக்குப் பின் கிடைத்த கொடிகளை. நம் பாட்டிமார்களின் கொடியையெல்லாம் மருத்துவச்சி வெட்டிக் கட்டினாளே தவிர, நறுக்கிப் பார்த்து எண்ணியிருக்க மாட்டாள். எத்தனையோ பேர் ஒற்றைக் குழாயோடு பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா தாம்பரத்தில் இருக்கிறாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். தையல் மெஷினை வைத்துக்கொண்டு என்னையும் தம்பியையும் கரையேற்றியவள். அழுவாள் என்று நினைத்தேன். அழவே இல்லை.

"ரெண்டு பேர் செய்யற வேலையை ஒரு ஆள் செய்ய முடியாதாடி? நான் செய்யலை?" என்றாள்.

எனக்கு மாலை மாலையாகக் கண்ணீர் வந்துவிட்டது. அன்று எங்கள் எல்லோரிலும் தைரியமாக இருந்தவள் அம்மாதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள்ளே மேலே இரண்டு சின்னப் புள்ளி, கீழே ஒரு பெரிய ஓட்டை. "என்ன மாதிரி இருக்கு?" என்றார்கள். குழந்தை வரைந்த முகம் மாதிரி இருந்தது. இரண்டு கண், ஒரு வாய்.

"கொடியைக் குறுக்கே வெட்டினா இப்படித்தான் இருக்கும். வாய் இருக்கே, அது சிரை. நஞ்சிலேர்ந்து பிராணவாயுவும் ஆகாரமும் கலந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவரும். கண்ணு ரெண்டும் தமனி. குழந்தை உபயோகிச்ச ரத்தத்தைத் திரும்ப நஞ்சுக்குக் கொண்டுபோகும். உன் குழந்தைக்கு ஒரு கண்ணு இல்லை. இருக்கிற ஒண்ணே கொஞ்சம் அகலமா வளர்ந்து ரெண்டோட வேலையையும் பார்த்துக்கும்."

அம்மா சொன்னதையே டாக்டரம்மாவும் சொன்னார்கள்!

இங்கே ஒரு விஷயம். நம் பேச்சில் நஞ்சையும் நஞ்சுக்கொடி என்போம், தொப்புள் கொடியையும் கொடி என்போம். இரண்டும் வேறு. நஞ்சு என்பது கர்ப்பப்பைச் சுவரில் தோசை மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது. தொப்புள் கொடி என்பது அதிலிருந்து குழந்தையின் தொப்புளுக்குப் போகும் கயிறு. பிரசவ சமயத்தில் சுமார் 50, 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளே ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு ஓடும். அவற்றைச் சுற்றி வழவழவென்று ஜெல்லி மாதிரி ஒரு பொருள் மெத்தை போட்டிருக்கும். தாமஸ் வார்ட்டன் என்ற இங்கிலாந்து வைத்தியர் 1656-இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விவரித்ததால் அதற்கு வார்ட்டன் ஜெல்லி என்று பெயர். இந்த மெத்தை பின்னால் என் கதையில் வரும்.

நான் ஒரு துண்டுச் சீட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், எழுதிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி, நான் செய்த ஏதாவது தப்பால் வந்ததா? பப்பாளி? ஸ்கூட்டர்? மூன்றாம் மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிவரை பஸ்ஸில் போனது?

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீ எதுவும் செய்யலை. சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் உருவாகாமலே போயிடும். சில குழந்தைகளுக்கு உருவாகி, அப்புறம் சுருங்கி மறைஞ்சிடும். நூறிலேர்ந்து இருநூறு கர்ப்பத்துக்கு ஒண்ணுல பாக்கறோம். இரட்டைக் குழந்தைன்னா இன்னும் ஜாஸ்தி" என்றார்கள். இல்லாமல் போவது பெரும்பாலும் இடப்பக்கத்துக் குழாய்தானாம்.

அப்புறம் முக்கியமான கேள்வி. குழந்தைக்கு என்ன ஆகும்?

"இது ஒரு வியாதி இல்லைம்மா. ஒரு தகவல். இந்தத் தகவல் கிடைச்சா நாங்க இன்னும் ரெண்டு இடத்தைக் கவனமாப் பாக்கணும். ஒண்ணு இதயம், இன்னொண்ணு சிறுநீரகம். அதுல எல்லாம் குறை இல்லாம, கொடியில மட்டும் இப்படி இருந்தா, பெரும்பாலான குழந்தைங்க நல்லபடியாத்தான் பிறக்கறாங்க. சில குழந்தைங்க எடை கொஞ்சம் கம்மியா இருக்கலாம். அதனால கடைசி மூணு மாசம் வளர்ச்சியை அடிக்கடி பாப்போம்."

ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கும் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்டேன். அதை நினைத்துத்தான் இரண்டு நாளும் தூங்கவில்லை. மூன்றாம் மாதப் பரிசோதனைகள் நன்றாக இருந்ததாலும், இந்த ஸ்கேனில் வேறு குறை எதுவும் தெரியாததாலும் இதற்காக மட்டும் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தை மட்டும் தனியாகப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் ஒன்றை நான்கு வாரம் கழித்து எடுக்கச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் என் கணவர், "இதை அந்த ஸ்கேன்காரரே ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் நாள் ஓடியது தெரியவில்லை. மாமியார் திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெய் வாங்கி வந்து கொடுத்தார். வயிற்றின் மேலே தடவிக்கொள், உள்ளுக்கு மட்டும் சாப்பிடாதே என்றார்கள் டாக்டரம்மா. அப்படியே செய்தேன். அக்டோபரில் வளைகாப்பு முடிந்து, தாம்பரத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தம்பிக்கு ஒரே குஷி. எனக்கும் அவனுக்கும் நாலு வயசு வித்தியாசம். வேலைக்குப் போய் முதல் வருஷம் அது. தினமும் சாயங்காலம் ஏதாவது வாங்கி வருவான். வயிற்றுப் பக்கம் குனிந்து, "மாமா வந்துட்டேன்" என்று அறிவிப்பான். குழந்தை உதைக்கும். நிஜமாகவே அவன் குரலுக்குத்தான் உதைத்ததோ, சுண்டல் வாசனைக்கு நான்தான் அசைந்தேனோ, தெரியாது. தன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதற்காகத் தோடு டிசைன்கூடப் பார்த்து வைத்துவிட்டான்.

நவம்பர் 3-ஆம் தேதி, முப்பத்தாறாவது வாரத்து ஸ்கேன். கூட அம்மா வந்திருந்தாள். வளர்ச்சி பரவாயில்லை, சற்றுச் சின்னக் குழந்தை, தண்ணீர் சரியாக இருக்கிறது, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது. நான் பெருமூச்சு விடும்போது டாக்டர் போகிறபோக்கில் சொன்னார்: "கழுத்துல கொடி ஒரு சுத்து இருக்கு. அது ஒண்ணும் பிரச்னை இல்லை."

எனக்கும் அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

ஆட்டோவில் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. மறுநாள் காலையில் தம்பி பையோடு நின்றான். காஞ்சிபுரத்தில் பெரியப்பா வீட்டுக்கு ஏதோ அவசர வேலையாகப் போகிறானாம். "தீபாவளி முடிஞ்சு வரேன்க்கா" என்றான், என் கண்ணைப் பார்க்காமல். 6-ஆம் தேதி தீபாவளி. அப்பா போனபின் ஒரு தீபாவளிக்குக்கூட நாங்கள் மூன்று பேரும் பிரிந்து இருந்ததில்லை.

தீபாவளியன்று விடியற்காலையில் அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நடுங்கியது. "தம்பியை ஏம்மா அனுப்பினே?" என்றேன்.

"மாலை சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதுடி."

இதை நம் பக்கத்தில் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். கொடி சுற்றிப் பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது. முதல்முதலாக மாமன் அதன் முகத்தை நேரே பார்க்கக் கூடாது, எண்ணெயில் விழும் நிழலைப் பார்த்துவிட்டுத்தான் நேரே பார்க்க வேண்டும் என்பார்கள். நானும் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டுக் கதையாக. என் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி, அதுவும் என் அம்மா வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "அப்போ உனக்கு உன் பிள்ளைதான் முக்கியம். ஒரு குழாய் இல்லைன்னப்போ தைரியம் சொன்னே. ஏன்னா அது என் குழந்தைக்கு வந்தது. இது உன் பிள்ளைக்கு வரும்னதும் பதறிட்டே" என்று கத்திவிட்டேன். இன்றைக்கும் நான் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கும் வார்த்தை அது.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீயும் மாலை சுத்தித்தாண்டி பொறந்தே" என்றாள்.

நான் 1990-இல் பிறந்தவள். அம்மாவுக்கு ஒரே அண்ணன். நான் பிறந்த இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தூக்கிக் கொஞ்சினாராம். எண்ணெயாவது கிண்ணமாவது என்று யாரோ சொன்னதைக் கேலி செய்தாராம். நாற்பது நாள்கூட ஆகவில்லை, போய்விட்டார். போட்டோவில் அவரைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலையில் போனார் என்று தெரியும். எப்போது போனார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஊரில் சிலர் அன்றைக்கே ஜாடையாகப் பேசினார்களாம். அது என் காதில் விழக்கூடாது என்று, நான் பேச ஆரம்பிப்பதற்குள் அம்மா அந்தத் தெருவையே விட்டு வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு நாள்கூட உன்னை அப்படி நினைச்சதில்லைடி. சத்தியமா இல்லை" என்றாள். அந்தத் தீபாவளிக்கு நாங்கள் இரண்டு பேரும் தலையில் எண்ணெயோடு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். எங்கே, 'இந்தக் காலத்திலே இப்படியா' என்று திட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அவர்கள் திட்டவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க அண்ணனுக்குக் காமாலை எப்போ வந்தது?" என்று கேட்டார்கள். அம்மா யோசித்தாள். எனக்கு வளைகாப்பு வயிறாக அவள் இருக்கும்போதே அவருக்குக் கண் மஞ்சளாக இருந்ததாம். நாட்டு மருந்து சாப்பிட்டுப் பத்தியம் இருந்தாராம்.

"அப்படின்னா குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே நோய் இருந்திருக்கு" என்றார்கள். அம்மா பதில் பேசவில்லை. டாக்டரம்மாவும் அதை அதற்கு மேல் அழுத்தவில்லை.

பிறகு கொடியைப் பற்றிச் சொன்னார்கள். நாலைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டுதான் பிறக்கிறது. உள்ளே புரண்டு விளையாடும்போது சுற்றிக்கொள்ளும், சில சமயம் தானே கழன்றும்விடும். குழந்தை வயிற்றுக்குள் மூக்கால் மூச்சு விடுவதில்லை, கொடி வழியாகத்தான் பிராணவாயு வருகிறது. ஆகவே, கழுத்தில் கயிறு போட்டது மாதிரி மூச்சு முட்டும் என்று நினைப்பது சரியில்லை. கொடி நசுங்காமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான் சொன்னேனே, அந்த ஜெல்லி மெத்தை, அது அதற்காகத்தான். பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பை மெஷினில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். துடிப்பு குறைந்தால் என்ன செய்ய வேண்டுமோ செய்வார்கள். அதுவரை என் வேலை குழந்தையின் அசைவைக் கவனிப்பது. குறைந்ததாகத் தோன்றினால் ராத்திரி என்று பார்க்காமல் உடனே வர வேண்டும்.

கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணுன்னா, கணக்குப் போட்டுப் பாருங்கம்மா. தமிழ்நாட்டுல தாய்மாமன்களே மிச்சம் இருக்க மாட்டாங்க" என்றார்கள். அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எத்தனை நம்பினாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். கூடவே, "பொறந்ததும் நான் சொல்ற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கம் வராதே" என்றும் சொல்லி வைத்தாள்.

என் மாமியார் இதைக் கேள்விப்பட்டதும் வேறு விதமாக அடித்தார்கள். "உன் புருஷனே மாலை சுத்திப் பொறந்தவன்தான். என் தம்பி, அதான் அவன் மாமன், அறுபத்தஞ்சு வயசுல புதுப்பாக்கம் மலைப்படி ஏறி இறங்கறான். அவன் தொல்லை தாங்கலைன்னு அவன் பொண்டாட்டிதான் அழுவறா!"

கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எட்டாம் நாள் எனக்கு வலி எடுத்தது. விளக்கெண்ணெய் கொண்டு வந்து கொடுத்த பட்டுக்கோட்டை உறவுக்காரருக்கு அந்தப் புயலில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. அந்த நிலையிலும் போன் போட்டு, "என்ன பிள்ளை?" என்று விசாரித்தார்.

பெண் குழந்தை. 2 கிலோ 600 கிராம். சுகப் பிரசவம். தலை வெளியே வந்ததும் கழுத்தில் இருந்த சுற்றை விரலால் நெகிழ்த்தி, மாலையைக் கழற்றுவது மாதிரித் தலை வழியே எடுத்துவிட்டார்களாம். ஒரு நிமிஷ வேலை. எனக்குத் தெரியக்கூட இல்லை. நர்ஸ் சொல்லித்தான் தெரியும். நான் கேட்டுக்கொண்டபடி, வெட்டிய கொடியின் முனையை டாக்டரம்மா என்னிடம் காட்டினார்கள். ஒரு கண், ஒரு வாய். நாலு மாதம் என்னைத் தூங்கவிடாத சமாசாரம் சுண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஆறு வாரம் கழித்துக் குழந்தையின் சிறுநீரகத்தையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்தன. பத்தாம் நாள் விழுந்த கொடித் துண்டை மாமியார் வெள்ளித் தாயத்தில் போட்டு இடுப்பில் கட்டினார்கள். "ஒத்தைக் குழாயா இருந்தா என்ன, கொடி கொடிதானே" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள்.

பிரசவ அறைக்கு வெளியே வந்ததும் அம்மா முதலில் என் நெற்றியைத் தடவினாள். அப்புறம் குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் மெல்ல, "சுத்தியிருந்துச்சா?" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இருபத்தெட்டு வருஷத்து மௌனம் எங்கள் வீட்டுக்குப் போதும் என்று தோன்றியது. "ஒரு சுத்து இருந்துதும்மா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தான். அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! அம்மா அவன் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். அவன் கண்ணாமூச்சி ஆடுகிறவன் மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறான். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் நல்லெண்ணெய். அம்மா குழந்தையைச் சாய்த்துப் பிடித்தாள். அவன் குனிந்து பார்த்தான். எண்ணெய் அசங்கியது. முகம் தெரியவில்லை போலிருக்கிறது, இன்னும் குனிந்தான்.

"தெரியுதாடா?"

"தெரியுதும்மா."

"நல்லாப் பாத்தியா?"

"மூக்கு என்னை மாதிரி இருக்கு."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போனாள். கூஜா நிரம்பித்தான் இருந்தது.

அவள் தலை மறைந்ததும் தம்பி சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எனக்குக் காட்டினான். திரை முழுக்க என் மகள். பிறந்து பத்து நிமிஷத்தில் என் கணவர் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார்! எண்ணெயில் பார்ப்பதற்கு முந்தின நாள் முழுக்க அவன் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்க்கா" என்று கிசுகிசுத்தான். நான் சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது.

திருப்போரூரில் அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். மாமனும் மருமகளும் சேர்ந்தால் வீடு இரண்டாகிறது.

போட்டோ விஷயம் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டைவரை படிக்கிறவள் அவள். தம்பியிடம் எதற்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.